மேசைச் சத்தமும் எங்கள் சிரிப்பும்: வகுப்பறைக்குள் நடக்கும் பகிடிவதை

2010ஆம் ஆண்டு முதலாம் தவணையில் எங்கள் வகுப்புக்கு ஒரு புது மாணவன் வந்தான். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் தரம் 9இல் படித்துக்கொண்டிருந்தேன். அவன் வன்னியிலிருந்து வந்தவன். இறுதி யுத்தத்தின் கடைசி நாட்கள்வரை உள்ளே இருந்து, பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் மாதக்கணக்கில் இருந்து, தாயாரின் உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். யாரோ கொடுத்த வெள்ளைச் சேட்டு அவனுக்கு இரண்டு அளவு பெரிது. அதிகம் கதைக்கமாட்டான்.

அவன் வந்த இரண்டாவது கிழமை, பின்வாங்கில் இருந்த ஒருவன் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடித்தான். புதுப் பொடியன் அடுத்த நொடி மேசைக்குக் கீழே இருந்தான். இரண்டு கையும் தலைக்கு மேல். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் 'பங்கர்'.

அதன்பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், எங்கிருந்தாவது ஒரு மேசைச் சத்தம் கேட்கும். சில நாட்களில் அவன் கீழே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டான். ஆனால் தோள் மட்டும் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்ப்பதற்காகவே பிறகு அடித்தார்கள். யாரும் அவன்மீது கை வைக்கவில்லை. அவனுடைய சாமான் எதையும் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தவணை முடிந்து பாடசாலை தொடங்கியபோது அவன் வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேசையில் அடிக்கத் தொடங்கியவன் கெட்ட பொடியன் என்று யாராலும் சொல்ல முடியாது. துடுப்பாட்ட அணியில் இருந்தான். நன்றாகப் படிப்பான். ஆசிரியர்களுக்கும் அவனில் விருப்பம். அவன் பக்கத்தில் இருக்க எல்லோரும் ஆசைப்பட்டோம். இந்த விடயம்தான் எனக்குப் பல வருடங்களாக விளங்கவில்லை.

இன்று நான் வன்னியில் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். ஆலோசனை வழிகாட்டலும் என் பொறுப்பில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் உளவியலை ஒரு பாடமாக எடுத்தபோதுதான், அன்று எங்கள் வகுப்பில் நடந்ததைப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று அறிந்தேன். அதில் என் சிரிப்புக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை எங்கள் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பகிடியா, வதையா?

'பகிடிவதை' என்ற சொல்லை நாங்கள் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட முதலாமாண்டு மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்ததை எங்கள் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. அடுத்த வருடம், 1998இல், பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் பாடசாலையில் நடப்பதற்கு எங்களிடம் தனிச் சொல் இல்லை. பட்டம் தெளிக்கிறது, நக்கலடிக்கிறது, வம்புக்கு இழுக்கிறது, ஒதுக்கி வைக்கிறது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வோம். அப்படிப் பிரிக்கும்போது ஒவ்வொன்றும் சின்ன விடயமாகத் தெரியும்.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் டான் ஒல்வேயஸ். சுவீடனில் பிறந்து, நோர்வேயின் பேர்கன் நகரில் பணியாற்றியவர். 1970களின் தொடக்கத்திலேயே பாடசாலைப் பிள்ளைகளிடையே ஆய்வு நடத்தினார். ஒரு செயலைப் பகிடிவதை என்று சொல்ல மூன்று அடையாளங்களை அவர் வைத்தார். வேண்டுமென்று செய்யப்பட வேண்டும். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இடையில் பலத்தில் வித்தியாசம் இருக்க வேண்டும்.

மூன்றாவது அடையாளம்தான் முக்கியமானது. பலம் என்றால் உடல் பலம் மட்டுமல்ல. கூட்டாளிகளின் எண்ணிக்கை, வகுப்பில் இருக்கும் மதிப்பு, தகப்பனின் உத்தியோகம், போட்டிருக்கும் சப்பாத்து எல்லாமே பலம்தான். சம பலம் உள்ள இருவர் அடிபட்டால் அது சண்டை. ஒருவன் திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் இருந்தால் அது வதை. எங்கள் பாடசாலைகளில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் தீர்த்து வைக்கிறோம். "ரெண்டு பேரும் கை குடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். வதைபட்ட பிள்ளை, தன்னை வதைத்தவனுக்குக் கை கொடுத்துவிட்டு அவனுடனேயே வகுப்புக்குத் திரும்பிப் போகும். ஆசிரியருக்கும் இது விளங்கவில்லை என்பது அந்த நிமிடத்தில் அதற்குத் தெரிந்துவிடும்.

நோர்வே இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது ஒரு துயரத்துக்குப் பிறகுதான். 1982இன் இறுதியில் நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணவர்களின் கடும் துன்புறுத்தலே பெரும்பாலும் காரணம் என்று செய்தி வந்தது. 1983இல் கல்வி அமைச்சு நாடு முழுவதும் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதனோடு சேர்த்து ஒல்வேயஸ் பேர்கன் பாடசாலைகளில் சுமார் 2500 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். பெரியவர்கள் ஒன்றுசேர்ந்து தலையிட்டபோது பகிடிவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இது பிள்ளைகளின் இயல்பு, மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு அது முதலாவது பதில்.

வதைப்பவன் யார்?

என் வகுப்பின் துடுப்பாட்டக்காரனைப் பற்றிய கேள்விக்குப் பதில் தந்தது யானா யுவோனன் என்பவரின் ஆய்வு. பின்லாந்தில் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். வளரிளம் பருவப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவர்.

2003இல் அவரும் சான்ட்ரா கிரஹாம், மார்க் ஷுஸ்டர் ஆகியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 11 பாடசாலைகளில் தரம் 6இல் படித்த 1985 பிள்ளைகள் அதில் பங்குகொண்டனர். பெரும்பாலானோர் வசதி குறைந்த, லத்தீன் அமெரிக்க, கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதை மட்டும் கேட்காமல், வகுப்பில் யார் யாரை வதைக்கிறார்கள் என்று சக மாணவர்களிடமும் கேட்டார்கள். 7 வீதமானோர் வதைப்பவர்களாகவும், 9 வீதமானோர் வதைபடுபவர்களாகவும், 6 வீதமானோர் இரண்டுமாகவும் இருந்தார்கள்.

வதைப்பவன் உள்ளுக்குள் உடைந்தவன், தன்னைப்பற்றியே தாழ்வாக நினைப்பவன், அதனால்தான் மற்றவனை வருத்துகிறான் என்று நாங்கள் நினைப்போம். ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மூன்று பிரிவினரிலும் மனதளவில் திடமாக இருந்தவர்கள் வதைப்பவர்களே. மனச்சோர்வு, தனிமை, பதற்றம் எல்லாம் அவர்களுக்குத்தான் குறைவு. சக மாணவர்களிடையே அவர்களுக்கு உயர்ந்த இடமும் இருந்தது. வதைபடுபவர்கள் துயரத்தோடும் ஒதுக்கப்பட்டும் இருந்தார்கள். ஆகவும் மோசமான நிலையில் இருந்தவர்கள் மூன்றாவது பிரிவினர். தாங்களும் வதைபட்டு மற்றவர்களையும் வதைப்பவர்கள். நடத்தை, படிப்பு, நட்பு எல்லாவற்றிலும் அவர்களுக்குச் சிக்கல்.

இது எங்களுக்கு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. முதலாவது, வதைப்பவர்கள் எல்லோரும் ஒரு மாதிரி இல்லை. வீட்டில் அடிவாங்கி, பாடசாலையில் ஒதுக்கப்பட்டு, அந்தக் கோபத்தை இன்னும் சின்னவனிடம் காட்டும் பிள்ளை இருக்கிறது. எங்கள் பிரதேசத்தில் அந்தப் பிள்ளையை நன்றாகத் தெரியும். 2008இல் வெளியான ஓர் ஆய்வு இலங்கையின் வடகிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தது. யுத்த அனுபவம் கூடிய பிள்ளைகளின் வீடுகளில் வன்முறையும் கூடியிருந்ததை அது காட்டியது. தகப்பனின் குடிப்பழக்கமும் அதோடு சேர்ந்திருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு உதவி தேவை. தண்டனை அதன் நிலையை இன்னும் கெடுக்கும்.

இரண்டாவது, எங்கள் துடுப்பாட்டக்காரன் போன்றவன். அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. அவன் வதைத்தது, அதற்குக் கூலி கிடைத்ததால். அந்தக் கூலி நாங்கள் கொடுத்த சிரிப்பு.

ஏன் தரம் 6?

யுவோனன் தரம் 6ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸில் பிள்ளைகள் சிறிய ஆரம்பப் பாடசாலையை விட்டுப் பெரிய இடைநிலைப் பாடசாலைக்குப் போகும் வருடம் அது. பழைய கூட்டாளிகள் பிரிந்துவிடுவார்கள். புது முகங்கள் நிறைய. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வோர் ஆசிரியர். யார் மேலே, யார் கீழே என்று யாருக்கும் தெரியாது. அந்த வெற்றிடத்தில் தன் இடத்தைப் பிடிக்க மிக விரைவான வழி, இன்னொருவனை எல்லோருக்கும் முன்னால் கீழே தள்ளுவது. அந்தச் சமயத்தில் பருவ மாற்றமும் வந்து சேர்கிறது. மற்றப் பிள்ளைகள் தன்னைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது, தாய் தகப்பன் நினைப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் வயது.

இங்கும் அப்படித்தான். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பிரிகிறார்கள். கிராமத்துச் சின்னப் பாடசாலையில் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளை, நகரத்துப் பெரிய பாடசாலையில் யாருக்கும் தெரியாத பிள்ளையாகிறது. யுத்த காலத்தில் எங்களுக்கு இந்த மாற்றம் தரம் 6இல் மட்டும் வரவில்லை. ஒவ்வோர் இடப்பெயர்விலும் வந்தது. ஐந்து பாடசாலை மாறிப் படித்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் புதுப் பிள்ளை.

2013இல் யுவோனனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வகுப்பில் 'கெத்தான' ஆட்கள் யார் என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். அடிக்கிற, வதந்தி பரப்புகிற பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறின. கெத்தானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் பிறகு இன்னும் கூடுதலாக அப்படி நடந்தார்கள். ஆனால் கெத்து வேறு, விருப்பம் வேறு. எங்கள் வகுப்பிலும் துடுப்பாட்டக்காரனின் பக்கத்தில் இருக்க விரும்பினோமே தவிர, மனதில் உள்ளதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தால் அடுத்த 'பங்கர்' நானாக இருக்கமாட்டேன் என்ற பயம்தான் எங்களை அங்கே இருத்தியது.

"என்னிலைதான் ஏதோ பிழை"

வதைபடும் பிள்ளைக்கு உள்ளுக்குள் என்ன நடக்கிறது? 1998இல் கிரஹாமும் யுவோனனும் இதை ஆராய்ந்தார்கள். துன்பம் நேர்ந்தால் மனிதர் அதற்குக் காரணம் தேடுவார்கள். பிள்ளையும் தேடும். இரண்டு விதமான பதில்கள் கிடைக்கலாம். "அந்த நேரத்தில அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது" என்பது ஒன்று. அது மாற்றக்கூடிய விடயம், நாளைக்கு வேறு பக்கத்தால் போகலாம். "நான் இப்பிடியான ஆள், அதாலதான் எனக்கு இப்பிடி நடக்குது" என்பது மற்றது. அதை மாற்ற முடியாது. இரண்டாவது பதிலை நம்பும் பிள்ளைகளிடம்தான் தனிமையும் பதற்றமும் கூடியிருந்தன.

அந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது? வகுப்பில் தனக்கு மட்டுமே இது நடக்கிறது என்று தெரியும்போது. நிஷினாவும் யுவோனனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தன்னோடு சேர்த்து வேறொருவரும் வதைபடுவதைக் கண்ட நாட்களில் பிள்ளைகளுக்கு அவமானம் அவ்வளவு கூடவில்லை. தனக்கு மட்டும் இல்லை என்று தெரிவதே ஓர் ஆறுதல். ஆனால் மற்றவன் வதைபடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடியது. பார்ப்பவனையும் அது சும்மா விடுவதில்லை.

யுத்தம் பெரியவர்களுக்குத் தந்த ஒரே ஆறுதலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஷெல் எல்லோர் தலையிலும் விழுந்தது. பங்கருக்குள் எல்லோரும் இருந்தோம். யாரும் "என்னிலைதான் பிழை" என்று நினைக்கத் தேவையிருக்கவில்லை. என் வகுப்பில் வந்து இருந்த பொடியனுக்கு அது இல்லை. பங்கருக்குள் அவனோடு ஊரே இருந்தது. மேசைக்குக் கீழே அவன் மட்டும் இருந்தான்.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பெற்றோருக்கு அதுதான் உடனே விளங்கும். 2011இல் யுவோனன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இடைநிலைப் பாடசாலையின் மூன்று வருடமும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். கூடுதலாக வதைபட்ட பிள்ளைகளின் புள்ளிகள் மூன்று வருடமும் குறைவாகவே இருந்தன. பிள்ளையின் புள்ளி திடீரென்று குறைந்தால் நாங்கள் ரியூசனைக் கூட்டுகிறோம். கைத்தொலைபேசியைப் பறிக்கிறோம். வகுப்பில் யாரோடு இருக்கிறாய், இடைவேளையில் எங்கே நிற்கிறாய் என்று கேட்பது குறைவு.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள்

1996இல் பின்லாந்தின் டுர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லியும் குழுவினரும் தரம் 6 மாணவர்கள் 573 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பகிடிவதை இரண்டு பேருக்கு இடையில் நடப்பதல்ல, வகுப்பு முழுவதும் அதில் ஏதோ ஒரு பாத்திரம் ஏற்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். தொடங்குபவன் ஒருவன். கூடச் சேர்ந்து செய்யும் உதவியாளர்கள் சிலர். கைவைக்காமல் சிரித்தும் கூவியும் ஊக்கம் கொடுப்பவர்கள் சிலர். ஒன்றும் தெரியாதது போல விலகி நிற்பவர்கள் சிலர். வதைபடும் பிள்ளையின் பக்கம் நிற்கும் பாதுகாவலர்கள் சிலர்.

இந்தப் பட்டியலை முதன்முதலில் வாசித்தபோது என் இடத்தைத் தேட எனக்கு நேரம் எடுக்கவில்லை. நான் ஊக்கம் கொடுத்தவன். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனடாவின் டொரொன்டோவில் ஆய்வாளர்கள் பாடசாலை மைதானங்களில் நடப்பதை ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், பத்துச் சம்பவங்களில் ஏறத்தாழ ஒன்பதில் வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் தலையிட்டது ஐந்து சம்பவங்களில் ஒன்றில்தான். ஆனால் தலையிட்ட தடவைகளில் பாதிக்கு மேல், பத்து விநாடிக்குள் வதை நின்றுபோனது. பத்து விநாடி. எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம்.

"நாங்கள் காணாததா?"

2008இல் யுவோனனும் எலிஷெவா குரோஸும் இணையத்தில் நடக்கும் துன்புறுத்தல் பற்றி 12 முதல் 17 வயதுவரையான 1454 பேரிடம் கேட்டார்கள். நான்கில் ஏறத்தாழ மூன்று பேருக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் ஒரு தடவையாவது அப்படி நடந்திருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் பாடசாலையிலும் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் எந்தப் பெரியவரிடமும் சொல்லவில்லை. இதை நானே சமாளிக்கப் பழக வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். சொன்னால் இணையத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

எங்கள் பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. என் மாணவர்களிடமிருந்து கேட்டது.

கடந்த வருடம் தரம் 8 மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளுடைய தகப்பனுக்கு யுத்தத்தில் ஒரு கால் போய்விட்டது. வகுப்பில் சிலர் அவளுக்குப் பின்னால் ஒற்றைக் காலால் நடந்து காட்டுவார்களாம். வட்ஸ்அப் குழுவிலும் அதை வீடியோவாகப் போட்டிருக்கிறார்கள்.

"வீட்டில சொன்னனியா பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். அப்பா எவ்வளவத்தைத் தாங்கினவர். இதைப் போய் எப்பிடிச் சொல்லுறது?"

எங்கள் வீடுகளில் எல்லாத் துன்பத்துக்கும் அளவுகோல் முள்ளிவாய்க்காலாக இருக்கிறது. "நாங்கள் காணாததா? நாங்கள் பிணத்தைக் கடந்து வந்தனாங்கள். ஒரு பட்டம் தெளிச்சதுக்கு அழுறியோ?" என்று சொல்லும் தாய் தகப்பனை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சொல்வது உண்மை. பிள்ளை பலமாக வளர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது. என் துன்பம் துன்பமே இல்லை, அப்படியென்றால் இதைத் தாங்க முடியாத என்னிலைதான் பிழை என்று கேட்கிறது. நாங்கள் எங்கள் வாயாலேயே அந்த இரண்டாவது பதிலைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தன் துன்பத்தை முள்ளிவாய்க்காலோடு ஒப்பிட்டால் எந்தப் பிள்ளைக்கும் முறையிட உரிமை இருக்காது. அந்த ஒப்பீட்டை நாங்கள் விடவேண்டும்.

என்ன செய்யலாம்?

பின்லாந்தில் சல்மிவல்லியின் குழு 2006இல் தொடங்கி 'கிவா' என்ற திட்டத்தை உருவாக்கியது. 2009முதல் அது நாடு முழுவதும் போனது. அதன் அடிப்படை எளிமையானது. வகுப்பு முழுவதற்கும் பாடம் நடத்திப் பார்ப்பவர்களை மாற்றுவது. சம்பவம் நடந்தால் பாடசாலையில் அதற்கென உள்ள பெரியவர்கள் வதைபட்ட பிள்ளையோடும், வதைத்தவர்களோடும் தனித்தனியாகக் கதைப்பது. அத்தோடு, வகுப்பில் நல்ல மதிப்புள்ள, இரக்கமுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையோடு நிற்கும்படி ஆசிரியர் கேட்பது.

77 பாடசாலைகளில் இதன் விளைவைப் பார்த்து யுவோனனும் சல்மிவல்லியும் சேர்ந்து 2016இல் எழுதினார்கள். ஆகவும் கூடுதலாக வதைபட்டிருந்த தரம் 6 பிள்ளைகளுக்கே திட்டம் கூடுதலாக உதவியிருந்தது. அவர்களுடைய மனச்சோர்வு குறைந்தது, தன்மதிப்புக் கூடியது. இதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டியதில்லை. எங்கள் பாடசாலைகளில் இப்போதே செய்யக்கூடியவை இருக்கின்றன.

ஆசிரியர்கள்: வதையைச் சண்டைபோலத் தீர்த்து வைக்காதீர்கள். இருவரையும் ஒன்றாக நிறுத்தி விசாரிக்க வேண்டாம். பிரம்பையும் எடுக்க வேண்டாம். பலமுள்ளவன் பலமற்றவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் பிரம்பு படிப்பிக்கிறது. மாணவரை ஆசிரியர் கூப்பிடும் பட்டப்பெயர், மற்ற மாணவர்களுக்கு அனுமதிப்பத்திரம் ஆகிவிடும். வருடத்தின் முதல் இரண்டு கிழமையில், குறிப்பாகத் தரம் 6இல், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

பெற்றோர்: பிள்ளை சொன்னால் முதலில் கேளுங்கள். "நீ என்ன செய்தனி?" என்று தொடங்க வேண்டாம். "இது உன்ர பிழை இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "திருப்பி அடி" என்பதும் உதவாது. பலம் சமமாக இருந்திருந்தால் பிள்ளை எப்போதோ அடித்திருக்கும். கைத்தொலைபேசியைப் பறிப்பேன் என்று வெருட்ட வேண்டாம். பாடசாலைக்குப் போய், திகதியோடும் நடந்த விபரத்தோடும் ஆசிரியரிடமோ அதிபரிடமோ கதையுங்கள். பாடசாலை கவனிக்காவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு 24 மணி நேரமும் தமிழில் அழைக்கலாம். பிள்ளை உயிரை விடுவது பற்றிக் கதைத்தால் நாளை என்று தள்ள வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. பக்கத்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

மாணவர்கள்: சண்டைக்குப் போகத் தேவையில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நீ சிரிக்காமல் இரு. இடைவேளையில் போய்ப் பக்கத்தில் இரு. வீடியோ வந்தால் அடுத்த ஆளுக்கு அனுப்பாதே. ஒரேயொரு நல்ல கூட்டாளி இருந்தாலும் வதைபடும் பிள்ளையின் துன்பம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்தத் தரம் 8 மாணவியின் விடயத்தில் நான் செய்ததும் இவ்வளவுதான். வீடியோ போட்டவர்களோடு தனித்தனியாகக் கதைத்தேன். பெற்றோரைக் கூப்பிட்டோம். அத்தோடு அவளுடைய வகுப்பில் வலைப்பந்து அணித்தலைவியையும் இன்னொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "அவள் தனிய நிக்கிறாள், உங்களால ஏதும் செய்யேலுமோ?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த நாள் காலை அணித்தலைவி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் போட்டாள். நக்கல் அன்றே முழுதாக நிற்கவில்லை. நிற்க ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஆனால் அந்தப் பிள்ளை பாடசாலையை விடவில்லை. பிறகு தகப்பனிடமும் சொன்னாள். அவர் ஊன்றுகோலோடு என்னைப் பார்க்க வந்து, "ஏன் சேர் என்னட்டைச் சொல்லேல்லை எண்டு யோசிச்சன். நான்தான் கேக்கேல்லை" என்றார்.

2010இல் எங்கள் வகுப்பிலிருந்து போனவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் என் வயதுதான். பிள்ளைகள்கூட இருக்கலாம். அவனுடைய உண்மையான பெயரை நினைவுபடுத்த எனக்குச் சில வருடங்கள் எடுத்தன. இப்போது மறப்பதில்லை. இங்கே எழுதாததற்குக் காரணம், அதை எழுத அவனிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் தரம் 6 பிள்ளைகளின் முதல் நாளில் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்வேன். மேசையில் அடித்தவனைப் பற்றிக் கொஞ்சமாகவும், சிரித்த என்னைப்பற்றிக் கூடுதலாகவும் சொல்வேன். சொல்லி முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், நீங்கள் ஏன் அவருக்குப் பக்கத்தில போய் இருக்கேல்லை?"

"பயம்" என்று சொல்வேன். அதுதான் உண்மை.